இரண்டு இதழ் வால்வு

ஒரு வருடமாகவே எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நானே பல காரணங்கள் வைத்திருந்தேன். எடை கூடிவிட்டது என்றேன். ஐம்பத்தேழு வயதாகிவிட்டது என்றேன். புகைமூட்டம் வந்த மாதங்களில் பழியைப் புகையின் மேல் போட்டேன். "ஒரு தடவ கிளினிக் போய்ட்டு வா சரோ" என்று என் கணவர் மணியம் சொன்ன போதெல்லாம், "பள்ளி லீவு விடட்டும்" என்பேன். பள்ளி லீவு வந்தது, போனது. நான் போகவில்லை.

நாங்கள் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் இருக்கிறோம். பதினான்கு வருடம் நான் பள்ளி வேன் ஓட்டினேன். கடைசி வருடத்தில் பதினோரு பிள்ளைகள். விடிவதற்கு முன்பே ஒவ்வொரு வீடாக ஏற்றிக்கொண்டு கூலாயில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். மதியம் திரும்ப ஏற்றுவேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலர் இப்போது வேலைக்குப் போகிறார்கள். ஒரு சின்ன விபத்துகூட நடந்ததில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையால்தான் நான் செய்த தவறை இங்கே முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

அன்று காலை நல்ல மழை. வேனின் பக்க இழுவைக் கதவு அதன் தடத்தில் சிக்கிக்கொண்டது. தோளைக் கொடுத்துத் தள்ளி மூடினேன். ஓட்டுநர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தபோது நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருந்தது. பழகிப்போன அழுத்தம்தான் என்று வண்டியை எடுத்தேன். பெரிய ரோட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் பார்வையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. பின்னால் பிள்ளைகள் போட்ட சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இடது பக்கம் சிக்னல் போட்டதும், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வண்டியை ஓரங்கட்டியதும் நினைவிருக்கிறது. ஸ்டியரிங்கில் தலை சாய்ந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரிகள் கடக்கும்போது வேன் ஆடியதை மட்டும் உணர்ந்தேன்.

"ஆன்ட்டி, ஏன் நிக்கிறோம்?"

எனக்கு நேர் பின்னால் உட்காரும் யாழினி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

"எஞ்சின் சூடாயிருச்சுமா. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

பார்வை தெளிந்ததும் ஓட்டிக்கொண்டு போய் எல்லாரையும் பள்ளியில் இறக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஆறு நாள் ஓட்டினேன்.

ஏன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். டாக்டரிடம் போனால் ஓட்டக் கூடாது என்பார். வேனை நிறுத்தினால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பயம் பிள்ளைகளைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதுதான் உண்மை.

ஏழாம் நாள் பள்ளி வாசலில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். யாழினி தண்ணீர் போத்தலை இருக்கையிலேயே விட்டிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். இருபது அடி ஓடியிருப்பேன். அடுத்து நான் பார்த்தது ஒரு ஆசிரியையின் முகத்தையும் வானத்தையும். நெற்றியில் இரத்தம். ஆம்புலன்ஸ் வந்தது.

எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தார். சாதாரணமாக இரண்டு மூன்று இடத்தில் வைத்து எடுத்துவிடுவார்கள். இவர் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கழுத்தில் வைத்துக் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே ஜொகூர் பாருவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கிறார்களே, அதே ஒலி அலை ஸ்கேன்தான். இதை நெஞ்சில் எடுக்கிறார்கள். குளிர்ந்த பசையைத் தடவி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை அழுத்திப் பார்த்தார்கள். திரையில் என் இதயம் கறுப்பு வெள்ளையில் அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது சோம்பலாக அசைவது போலத் தோன்றியது.

என்னைப் பார்த்த இதய நிபுணர் டாக்டர் நூருல் நாற்பதுகளில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி. அவசரமே இல்லாமல் பேசுவார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம். மறுநாள் காலை என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இதயத்தின் இடது கீழறையிலிருந்துதான் இரத்தம் உடம்பு முழுவதற்கும் போகிறது. அது வெளியேறும் வாசலில் பெருநாடி வால்வு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதில் மூன்று இதழ்கள். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். இரண்டு இதழ் உள்ள வால்வு சீக்கிரம் தேய்ந்து, சுண்ணாம்பு படிந்து, இறுகிவிடும். என்னுடையது ஏறக்குறைய கல்லாகியிருந்தது. கட்டைவிரல் நுழைய வேண்டிய வாசலில் இப்போது ஒரு பென்சில் நுழைந்தால் பெரிது.

"வால்வு கெட்டுப்போனால் மாற்றிவிடலாம். எனக்குக் கவலை தசையைப் பற்றித்தான்" என்றார்.

குறுகிய வாசல் வழியாக இரத்தத்தைத் தள்ள இதயத் தசை கூடுதலாக உழைக்கிறது. உழைக்க உழைக்கத் தடிக்கிறது. பல வருடம் அப்படிச் சமாளிக்கும். ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் தளர்ந்துவிடும். நடு நடுவே தசை செத்துத் தழும்பாகவும் மாறும். நல்ல இதயம் உள்ளே நிறைந்த இரத்தம் நூறு பங்கு என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் ஐம்பத்தைந்து, அறுபது பங்கை வெளியே தள்ளும். என் இதயம் இருபத்தைந்து பங்கைத்தான் தள்ளியது.

"அப்போ வால்வை மாற்றினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டபோது, அவர் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அப்போது மணியமும் பக்கத்தில் இருந்தார். டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "விழுந்தது இதுதான் முதல் முறையா?" என்று கேட்டார். நான் மணியத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். ஒரு வாரத்துக்கு முன்னால் வேனில் ஒரு தடவை கண் இருண்டது என்றேன்.

"வேனில் யார் இருந்தார்கள்?"

"பதினோரு பிள்ளைகள்."

பேனா நின்றது. "அதற்குப் பிறகு?"

"ஓட்டினேன்."

டாக்டர் திட்டவில்லை. இனி பிள்ளைகளை ஏற்றி ஓட்ட என்னால் உடல்தகுதிக் கடிதம் தர முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் போனதும் மணியம், "எனக்கே சொல்லலியா?" என்றார். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வார்டை விட்டு வெளியேறினார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிப் போனதில்லை.

மறுநாள் வந்தார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல். என் இதயம் தள்ளாததால் நுரையீரலில் நீர் தேங்கியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போத்தலின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் எழுதியிருந்தார். அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "வேன் குரூப்ல நீ சொல்லணும் சரோ. நான் சொன்னா அது வேற மாதிரி" என்றார்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்பினேன். மூன்று தடவை அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். என்ன நடந்தது, எத்தனை நாள் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்பதைக் குறிகள் காட்டின. ரொம்ப நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர், "நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா" என்று போட்டார். மற்றவர்கள் அதுவும் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், யாழினியின் அம்மா தேவி தொழிற்சாலைச் சீருடையோடு வந்து நின்றாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு சாயந்திரம் பிள்ள வந்து சொன்னா அக்கா. ஆன்ட்டி ஸ்டியரிங்ல படுத்துட்டாங்கன்னு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவள அதட்டினேன். ஆன்ட்டிய பத்தி அப்படிலாம் பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். மறுநாள் நானே கையப் புடிச்சு உங்க வேன்ல ஏத்திவிட்டேன்."

என் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் அவகிட்ட என்ன சொல்றது?" என்றாள்.

"ஆன்ட்டிதான் பொய் சொன்னாங்கன்னு சொல்லு தேவி."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திரும்பி நடந்து போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பது போல நடித்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பரிசோதனை. அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று டாக்டர் நூருல் முன்பே சொல்லியிருந்தார். என் இதயம் மிகவும் பலவீனமாக இருந்ததால் ஒரு சிக்கல். வால்வு நிஜமாகவே இவ்வளவு இறுகியிருக்கிறதா, இல்லை தள்ளும் பலம் இல்லாததால் அது திறக்காமல் நிற்கிறதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, தசையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி இதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்க வைத்து, அதே நேரத்தில் எக்கோவில் பார்ப்பார்கள். மருந்துக்குத் தசை எழுந்து வேலை செய்தால், வால்வை மாற்றியதும் தேற வாய்ப்பு அதிகம். எழவில்லை என்றால், அறுவை சிகிச்சை மேசையிலேயே ஆபத்து பல மடங்கு. பரிசோதனையின்போதே இதயம் தாளம் தப்பலாம் என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்று என் மகள் கவிதா லீவு போட்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. சிங்கப்பூரில் வேலை. தினமும் எல்லையைக் கடக்கும் பாலத்தில் நெரிசலில் நின்று, வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். வார்டு குளிரில் என் கால் விறைக்கிறது என்று இரண்டு ஜோடி காலுறை வாங்கி வந்தாள். தலை வாரிவிடுவாள். அறை வாசல்வரை என் கட்டிலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதற்கு மேல் விடவில்லை.

உள்ளே டாக்டர் நூருல், எக்கோ எடுக்கும் பெண், தமிழ் நர்ஸ் சிஸ்டர் புஷ்பா. சுவர் ஓரமாக ஷாக் கொடுக்கும் இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மருந்து ஏறத் தொடங்கியது. முதல் சில நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இதயம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஓடாமலே ஓடுவது போல இருந்தது. பள்ளி வாசலில் விழுவதற்கு முன்னால் இருந்த அதே அழுத்தம் நெஞ்சில் ஏறியது.

"சிஸ்டர், எனக்கு அன்னிக்கு மாதிரியே இருக்கு" என்றேன்.

"நாங்க இருக்கோம்மா. என் கைய நல்லா புடிச்சுக்குங்க" என்றார் புஷ்பா.

டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருந்தின் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கருவி விலாவில் அழுந்தி வலித்தது. எக்கோ எடுத்த பெண் படத்தை நிறுத்தி, கோடு போட்டு அளந்து, மறுபடியும் ஓட விட்டாள். மறுபடியும் அளந்தாள். எனக்கு முதுகுப் பக்கம் திரை. அவர்கள் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. கவிதாவின் கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்ற நினைப்பு சம்பந்தமே இல்லாமல் வந்தது.

டாக்டர் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல, "ஆடா லாகி" என்றார். இன்னும் இருக்கிறது. பிறகு என் பக்கம் குனிந்து சத்தமாகச் சொன்னார்: "ஆடா லாகி. தசையில் இன்னும் பலம் இருக்கிறது. வால்வுதான் நிஜமாகவே மூடிக் கிடக்கிறது."

மருந்தை நிறுத்தினார்கள். துடிப்பு அடங்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை நான் அழுதுகொண்டிருந்தேன். புஷ்பா துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. தசை தளர்ந்ததற்குக் காரணம் வால்வுதான் என்பது அதில் உறுதியாயிற்று. அறுவை சிகிச்சை நிபுணர் வந்து, எந்த வால்வு வேண்டும் என்று கேட்டார். ஒன்று உலோகம். இன்னொன்று விலங்கின் திசுவில் செய்வது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "இங்கே நாங்கள் வைப்பது மாட்டினுடையது" என்றார். மணியம் மாட்டிறைச்சி சாப்பிடாதவர். நான் அவரைப் பார்த்தேன்.

"சாப்பிடவா போற? உசுருக்குத்தான லா. எதுவா இருந்தாலும் சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்த வார்டுக்கு வந்த பிறகு நானும் மணியமும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் நான் உலோகத்தைத்தான் கேட்டேன். திசு வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகலாம் என்றார்கள். உலோகத்துக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட வேண்டும்; அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும்; கீரையைக்கூட ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லாமல் என்று சாப்பிடக் கூடாது. அது பரவாயில்லை. இந்தத் தசையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரத்தம் கொடுக்க ஆள் இருந்தால் நல்லது என்றார்கள். மணியத்தின் தொழிற்சாலை நண்பர்கள் வந்தார்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிய கவிதா, "இரத்த வங்கியில யார பாத்தேன் தெரியுமாம்மா? தேவி அக்காவும் அவங்க வீட்டுக்காரரும். கொடுத்துட்டு கெளம்பிட்டாங்க. உங்கள பாக்க வரலன்னு சொல்லிட்டாங்க" என்றாள். தேவி அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தில் மூடி வைத்தார்கள்; கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. நடுவில் ஆறு மணி நேரம் மணியமும் கவிதாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதை அவர்கள்தான் எழுத வேண்டும். மணியம் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று கவிதா பிறகு சொன்னாள்.

வால்வை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாசல் திறந்துவிட்டது; ஆனால் தசை அதே பழைய தசைதான். வருடக்கணக்கில் மூட்டை சுமந்தவரின் முதுகு, மூட்டையை இறக்கிய அன்றே நிமிர்ந்துவிடுவதில்லை. முதல் இரண்டு நாள் மருந்தின் பலத்தில்தான் என் இரத்த அழுத்தம் நின்றது. கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார்கள், எண் இறங்கும், மறுபடியும் கூட்டுவார்கள். படுத்தபடியே அந்த எண்ணைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை தொண்டைக் குழாய் எடுத்தாயிற்று. கஞ்சி இரண்டு கரண்டி குடித்திருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருந்தது. இயந்திரம் அலறியது. அழுத்த எண் எண்பதுக்கு இறங்கியது, எழுபதாயிற்று. காது அடைத்தது. நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். திரை இழுத்தார்கள்.

பிறகு டாக்டர் நூருல் விளக்கினார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்கிவிட்டன. இதய அறுவைக்குப் பிறகு பலருக்கு வருவதுதான். நல்ல தசை உள்ளவர்கள் தாங்கிக்கொள்வார்கள். என் கீழறை தடித்து விறைத்துப் போயிருந்தது. தானாக விரிந்து நிறையாது. மேலறை தள்ளிவிட்டால்தான் நிறையும். அந்தத் தள்ளல் நின்றதும் வெளியே அனுப்ப இரத்தமே இல்லாமல் போயிற்று.

அந்த நிமிடத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு டாக்டர் என் காதருகே, "கொஞ்சம் தூங்க வைக்கிறோம், ஒரு ஷாக் கொடுக்கிறோம்" என்றார். "என் வீட்டுக்காரர கூப்பிடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னேனா என்று தெரியாது.

கண் விழித்தபோது நெஞ்சுத் தோல் வெயிலில் சுட்டது போல எரிந்தது. மீன் துள்ளவில்லை. அழுத்த எண் நூற்று நான்கு. கட்டிலின் காலடியில் மணியம், ஆஸ்பத்திரி கொடுத்த நீல அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அங்கிய உல்ட்டாவா போட்டிருக்கீங்க" என்றேன்.

"அலமாக், பேசாம படு லா" என்றார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் முன் எடுத்த எக்கோவில் முப்பது. இருபத்தைந்திலிருந்து முப்பது. என் ஏமாற்றத்தைப் பார்த்த டாக்டர், தடித்த தசை மெலிந்து பழைய அளவுக்கு வர மாதக்கணக்கில் ஆகும், தழும்பான பகுதி வரவே வராது, மாத்திரையும் நடையும் பொறுமையும் வேண்டும் என்றார். எவ்வளவு தேறும் என்று கேட்டேன். ஆறு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த ஆறு மாதமும் நான் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். நெஞ்செலும்பு சேரும்வரை தும்முவதற்குக்கூடத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேனை விற்றாயிற்று. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போகும்போது நான் வெளியே வரவில்லை. காலை ஐந்து மணிக்கு விழிப்பு மட்டும் இன்னும் வருகிறது.

இடையில் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இரண்டு இதழ் வால்வு சில குடும்பங்களில் தொடரும். என் கூடப் பிறந்தவர்களும் பெற்ற பிள்ளையும் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. பெக்கான் நானாஸில் இருக்கும் என் அண்ணன் உடனே போய்ப் பார்த்தார். அவருக்கு மூன்று. கவிதாதான் இழுத்தடித்தாள். "இப்ப லீவு எடுக்க முடியாதும்மா. வருஷக் கடைசியில பாக்கலாம்." அதைக் கேட்டதும் அவளிடம் கத்தினேன். வேனில் நடந்ததை, ஆறு நாளை, தேவி வந்து நின்றதை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் கத்தினேன். மணியம் தடுக்கவில்லை. கடைசியில் அவள், "சரி, உங்க செக்கப் அன்னிக்கே வரேன்" என்றாள்.

செக்கப் அன்று முதலில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். இந்த முறை டாக்டர் நூருல் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். அசைவில் அந்தச் சோம்பல் இல்லை. நாற்பத்தாறு என்றார். ஐம்பத்தைந்து ஆகாது, இனி ஏறினாலும் கொஞ்சம்தான் ஏறும். "ஆனால் மாடிப்படி ஏறுவீர்கள், சமைப்பீர்கள், சந்தைக்குப் போவீர்கள். சீக்கிரமே வந்திருந்தால் முழுதாகவே கிடைத்திருக்கலாம்" என்றார். கண்டிக்கும் குரலில் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பிறகு கவிதா உள்ளே போனாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் இதயத்தைப் பார்க்க எத்தனையோ தடவை காத்திருந்திருக்கிறேன். எதுவும் இந்த இருபது நிமிடத்துக்கு ஈடாகாது. மணியம் சுவரில் ஒட்டியிருந்த சத்துணவு விளம்பரத்தை மேலிருந்து கீழே படித்தார். திரும்ப மேலிருந்து படித்தார்.

கதவு திறந்தது. டாக்டர் நூருலே கூட வந்தார்.

"இரண்டுதான்" என்றார்.

மணியம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் தொடர்ந்து பேசினார். இதழ்கள் மெல்லியதாக இருக்கின்றன, நன்றாகத் திறந்து மூடுகின்றன, தசை முழுப் பலத்தோடு இருக்கிறது, இப்போது எந்தச் சிகிச்சையும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். வேலை, கல்யாணம், எதற்கும் தடை இல்லை; குழந்தை பெறுவதற்கு முன் ஒரு தடவை வந்து பேச வேண்டும். இறுகத் தொடங்கினால் தசை தளர்வதற்கு முன்பே தெரிந்துவிடும். எல்லாம் நல்ல செய்திதான். எனக்குக் காதில் "இரண்டுதான்" மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் கொடுத்தது என்று தோன்றியது.

லிஃப்ட் வரை மூவரும் நடந்தோம். கவிதா தன் புது மஞ்சள் கிளினிக் அட்டையைத் திறந்து, அடுத்த தேதி எழுதவேண்டிய காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. அவள் ஏறவில்லை.

"அம்மா, உங்க கார்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

"அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல போடச் சொல்லலாம். எனக்கு ஒரு லீவு மிச்சம்" என்றாள்.

லிஃப்ட் மூடிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் திரும்பி நடந்து, கவுண்டரில் இரண்டு அட்டைகளையும் சேர்த்து நீட்டினோம்.